இன்னைக்கு ரெண்டு தப்பு

ஆன்லைன் கிளாஸ்ல என் ஒன்பதாங்கிளாஸ் பசங்க யாரும் கேமரா போட மாட்டாங்க. கேக்குறாங்களா தூங்குறாங்களான்னே தெரியாது.

அதனால தினமும் வேணும்னே கணக்குல ஒரு தப்பு போட்டு, கண்டுபிடிங்கன்னு சொல்லி வச்சிருந்தேன். ஒரு மாசமா யாரும் வாயைத் திறக்கல. எனக்கே வெறுத்துப் போச்சு.

இன்னைக்கு கடப்பாக்கத்துலேர்ந்து ஜெனிபர் மைக்கை ஆன் பண்ணா. பின்னாடி ஒரே கடல் காத்து.

"இன்னா மிஸ், இன்னைக்கு ரெண்டு தப்பு கீது? ஏ பிளஸ் பி ஸ்கொயர்ல டூ ஏபிய விட்டுட்டீங்க. ஏழெட்டு ஐம்பத்தி நாலுன்னு வேற போட்டுக்கீறீங்க."

"வெரி குட், ரெண்டையும் புடிச்சிட்டியே"ன்னு சொல்லிட்டேன்.

நான் வேணும்னு போட்டது டூ ஏபி மட்டும்தான்.

கேட்டுகினுதான் இருந்திருக்கா. ரொம்ப தேங்க்ஸ்டா ஜெனிபர்.

ஏழெட்டு எவ்வளவுன்னு கமெண்ட்ல யாரும் எனக்குப் பாடம் எடுக்க வேணாம்.