இழுத்துப் பார்க்காத வயர்

மேகம் மூடிய நாட்களில்தான் நான் நிம்மதியாக இருந்தேன். பிக்கரிங்கில் எங்கள் கராஜுக்குள் ஏழு வருடம் மினக்கெட்டு என் கணவர் கட்டிய இருவர் அமரும் விமானம், இப்போது ஒஷாவா விமான நிலையத்தில் ஒரு கொட்டகையில் நிற்கிறது. வீட்டில் கட்டியது என்பதால், வெளியே பார்த்து ஓட்டக்கூடிய தெளிந்த நாளில் மட்டுமே பறக்க அனுமதி. வானம் இருண்டால் மனிதர் சோபாவில் கிடப்பார்.

போன மாதம் என் நிம்மதியில் மண் விழுந்தது. கருவிகளை மட்டும் பார்த்து மேகத்துக்குள்ளும் ஓட்டலாம் என்று அனுமதி வந்தது. அதற்குரிய பரீட்சையை அவர் எப்போதோ பாஸ் பண்ணி வைத்திருந்தார், கள்ளன். கடிதத்தை மூன்று தரம் வாசித்துக் காட்டினார்.

"உள்ள வயரெல்லாம் உம்மட கையாலை பூட்டினது. எனக்கென்ன பயம்?"

ஸ்காபரோவில் ஒரு தொழிற்சாலையில் இருபது வருடமாக வயர் பூட்டுகிறேன். பூட்டியதை இழுத்துப் பார்த்த பிறகுதான் அதில் சிவப்புப் புள்ளி வைக்க வேண்டும். விமானத்திலும் அப்படியே செய்தேன், ஒன்றைத் தவிர. விமானம் சரிகிறதா, நேராக நிற்கிறதா என்று காட்டும் கருவியின் வயர் அது. அன்று மல்வேர்னில் பெரியபிள்ளையான ஒரு பெண்ணுக்குச் சாமத்தியவீடு. சேலையும் உடுத்தாயிற்று, நேரமும் போய்விட்டது. வெளியே பார்த்துத்தானே ஓட்டப் போகிறார் என்று, இழுக்காமலே புள்ளியை வைத்துவிட்டு ஓடினேன்.

மூன்று நாள் சொல்ல வாய் வரவில்லை. மகளுக்குப் பிடித்த கறிக்கு இரண்டு தரம் உப்புப் போட்டேன். படியில் ஏறினேன், எதற்கென்று தெரியாமல் இறங்கினேன். நாலாம் நாள் காலை வானம் மூடிக் கிடந்தது. அவர் ஒஷாவாவுக்குப் போகக் கார்த் திறப்பை எடுத்தார்.

"இஞ்சாருங்கோ, ஒரு வயரை நான் இழுத்துப் பாக்கேல்லை."

"எது?"

சொன்னேன். ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். "வாரும்," என்றார், அவ்வளவுதான். நேரே கொட்டகைக்குக் காரை விட்டார்.

கருவிப் பலகையைக் கழற்றி டோர்ச் பிடித்தார். புள்ளி வடிவாகத்தான் இருந்தது. வயரை இரண்டு விரலால் மெல்ல இழுத்தேன். கையோடு வந்துவிட்டது.

அவர் டோர்ச்சை அணைத்தார்.

"பின்னேரம் மகளையும் ஏத்திக்கொண்டு போறதெண்டு இருந்தனான்," என்றார்.

அந்தச் சீமெந்துத் தரையிலேயே குந்திவிட்டேன்.