அடம்பன் பூவும் மாமியின் சகுனமும்

போன ஞாயிறு காலையில் வல்வெட்டித்துறைப் பக்கம் கடற்கரைக்குப் போயிருந்தேன். குளிக்க அல்ல. அண்ணன் மகள் துளசிக்குக் கலியாணமாகி நாலாம் சடங்கும் முடிந்த கையோடு ‘அவுட்டோர்’ போட்டோ. வான் வண்டியில் ஓர் இடம் மிச்சமிருந்தது... ஏறிவிட்டேன்.

மணலை ஒட்டி நீளமாகப் புல்வெளி. அதில் ஊதா ஊதாவாக அடம்பன் பூ. ‘அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு’ — எத்தனை கூட்டங்களில் கேட்டுக் கைதட்டியிருப்போம்? கொடிகாமத்து ஆளான எனக்குத் தெரிந்த ஊதாப் பூ கத்தரிப்பூதான். அடம்பன் பூவை அன்றைக்குத்தான் நேரில் கண்டேன்.

“வெயில் ஏறினால் பூ வாடிடும், கெதியா நில்லுங்கோ” என்றார் கமராக்காரர்.

நாங்கள் புல்லுக்குள் இறங்கியதுதான் தாமதம், தலைக்கு மேலே ஒரு பறவை வட்டமிட்டுக் கத்தத் தொடங்கியது. மஞ்சள் கால், கண்ணோரம் சிவப்பு. ஆள்காட்டிக் குருவி.

மாப்பிள்ளையின் தாயாருக்கு முகம் கறுத்துவிட்டது. “முழிவியளம் சரியில்லை. உந்தப் படமும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். வீட்டை போவம்.”

“அம்மா, குருவி கத்தாமல் தேவாரமே பாடும்?” என்றார் மாப்பிள்ளை.

“கலியாணம் முடிஞ்ச உடனை உனக்கு வாய் நீண்டிட்டுது.”

நான் துளசியைப் பார்த்தேன். புது மருமகள் இறங்கிய இடத்தில் சகுனப்பிழை என்றால்... ‘ராசியில்லாதவள்’ என்ற பேர் ஒட்டிக்கொண்டால் லேசில் கழலுமா?

துளசியோ குருவியையே பார்த்துக்கொண்டு நின்றாள். மாமி நகர நகர, அதன் கத்தலும் கூடியது.

“மாமி, அசையாதேங்கோ. காலடியிலை பாருங்கோ.”

மாமியின் செருப்புக்குப் பக்கத்தில், புல்லுக்குள் சின்னப் பள்ளம். அதற்குள் புள்ளி போட்ட முட்டைகள். இன்னும் ஓர் அடி வைத்திருந்தால் கூழ்தான்.

“அது எங்களுக்குக் கத்தேல்லை மாமி. உங்களுக்குத்தான் கத்துது.”

மாமி சேலையைத் தூக்கிப் பிடித்தபடி பின்னோக்கியே நடந்தார். “பெத்தவள் கத்தாமல் என்ன செய்வாள், பாவம்” என்றார். குரல் இறங்கியிருந்தது. “பிள்ளை, நீங்கள் அங்காலை போய் எடுங்கோ. நான் இதிலை ஒருத்தரையும் விடமாட்டன்.”

விடவுமில்லை. புல்லுக்குள் திரும்பிய மோட்டார் சைக்கிள்காரர் ஒருவருக்கு நல்ல திட்டு. “ஆக்கள் குடியிருக்கிற இடம் தம்பி, றோட்டாலை போ.”

படங்கள் நேற்று வந்தன. பூ, கடல், பொம்பிளை, மாப்பிள்ளை — எல்லாம் அழகு. எல்லாவற்றிலும் தூரத்தில் கையை ஓங்கியபடி மாமி. அழித்துத் தரட்டுமா என்று கமராக்காரர் கேட்டிருக்கிறார். “மாமி நிக்கட்டும்” என்றாளாம் துளசி.

முழிவியளம் பார்ப்பது அவரவர் விருப்பம்... அதற்கு முன் காலடியை ஒருக்கால் பார்த்தால் புண்ணியம்.