மங்கலான பக்கம்

பொழுது சாய்ந்தால் அவருக்கு இருப்புக்கொள்ளாது. இரண்டிரண்டு படியாகத் தாவி மொட்டைமாடிக்கு ஏறிவிடுவார். லிஃப்ட் மெக்கானிக்தான், ஆனால் தன் வீட்டு லிஃப்ட்டில் கால் வைக்க மாட்டார். "உள்ள நின்னா மோட்டார் சத்தத்துலயே காது போயிடும். வீட்டுக்கு வந்தும் வேலையா?" என்பார்.

மாடியில் நீளக் குழாயாக ஒரு தொலைநோக்கி. அதன் அடியில் ஒளியை அளக்கும் சின்னக் கருவி. அதிலிருந்து லேப்டாப்புக்கு ஓர் ஒயர். தரை இருண்ட பின்னும் உயரத்தில் வெயில் மிச்சமிருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் அவர் தேடுபவை தெரியும்: செத்துப்போன செயற்கைக்கோள்கள், கழன்று சுற்றும் ராக்கெட் துண்டுகள். துண்டு புரளும்போது வெயில் பட்டு மினுங்கும்; திரையில் கோடு துள்ளும். துள்ளலுக்குத் துள்ளல் எவ்வளவு நேரம் என்று பார்த்து, புரளும் வேகத்தைச் சொல்லிவிடுவார்.

மனைவி இருந்தவரை அவள் வானத்தைப் பார்ப்பாள், இவர் திரையைப் பார்ப்பார். மினுங்கும்போதெல்லாம் அவள் "இப்போ" என்பாள். இவர் பொத்தானை அழுத்துவார். கோட்டின்மேல் ஒரு புள்ளி விழும்; லேப்டாப் அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளும். "மெஷினே பாக்குது, நான் எதுக்கு?" என்பாள். "சும்மா ஒரு துணைக்கு" என்பார். அவள் போன பிறகும் அவளுடைய முக்காலியை அவர் நகர்த்தவில்லை. குறுக்கும் நெடுக்கும் நடக்கும்போது அதில் இடித்துக்கொள்வார், தனக்குள் திட்டிக்கொள்வார், அவ்வளவுதான்.

இருவரும் வருடக்கணக்காகத் தொடர்ந்த ஒரு ராக்கெட் துண்டுக்கு அவள் வைத்த பெயர் 'கிழவன்'. அது தாழ்ந்துகொண்டே வந்து, எரிந்து போகும் நாள் நெருங்கிவிட்டது. அப்போதுதான், இதே பைத்தியம் பிடித்த மருந்துக்கடைக்காரர் போனில் கூப்பிட்டார்.

"என்ன அண்ணே, கொஞ்ச நாளா உங்க கணக்குல மட்டும் கிழவன் பாதி வேகத்துல புரள்றான்?"

"என் மெஷின் பொய் சொல்லாதுய்யா."

"பொய் சொல்லாது. பாதிதான் சொல்லும். அவனுக்கு ஒரு பக்கம் கறுத்துக் கிடக்கு. அந்தப் பக்கத்து மங்கல் மினுக்கு அந்தி வெளிச்சத்துல மெஷினுக்கு எட்டாது, கண்ணுக்குத்தான் எட்டும். மிச்சப் பாதியை இத்தனை நாளா அண்ணி சொல்லிட்டு இருந்தாங்க."

'வைக்கிறேன்' என்றுகூடச் சொல்லாமல் போனை வைத்தார். பழைய கோடுகளைத் திறந்தார். ஒன்றுவிட்டு ஒன்று, கோடு அசையாத இடத்தில் புள்ளி மட்டும் விழுந்திருந்தது.

கிழவன் கடைசியாக இந்த வானத்தைக் கடக்கவிருந்த நாளில், காலையிலிருந்தே மேகத்தைப் பார்த்துப் பார்த்து உள்ளுக்கும் வெளிக்குமாக அலைந்தார். அந்தி சாய மேகம் விலகியது. மகள் மேலே வந்தாள்.

"அப்பா, காபி ஆறுது."

"ஆறட்டும். இதைப் பிடி. நான் சொல்றப்ப அழுத்து." பொத்தானை அவள் கையில் திணித்தார். திரைக்கு முதுகைக் காட்டி, மனைவியின் முக்காலியில் உட்கார்ந்தார்.

"இப்போ."

கோடு துள்ளியது.

"இப்போ."

கோடு அசையவில்லை. "ஒண்ணும் வரலயேப்பா?"

"வராது. நீ அழுத்தும்மா!"

நடுவானம் தாண்டியதும் கிழவன் பூமியின் நிழலுக்குள் நுழைந்து அணைந்தான். "போயிடுச்சாப்பா?" என்றாள் மகள்.

அவர் திரும்பவில்லை. இருட்டில் அவருடைய விரல் மட்டும் முக்காலியின் விளிம்பைத் தட்டிக்கொண்டிருந்தது: ஓங்கி ஒன்று, மெல்ல ஒன்று.