மெயின் போர்டு கட்டில்

எனக்கு இங்கிலீஷ் எழுத்து படிக்கத் தெரியும். வந்த வினையெல்லாம் அதனால் வந்ததுதான். தெரியாதவனாக இருந்திருந்தால் யாரையாவது கேட்டிருப்பேன். மரப்பலகையில் இருந்த இரண்டே இரண்டு எழுத்துக்கு நானே அர்த்தம் கண்டுபிடித்து, பிள்ளைத்தாய்ச்சி படுக்க வேண்டிய அறைக்குள் பூச்சி மருந்துப் புகை போட்ட மரத்தில் கட்டில் செய்து வைத்தேன். செய்ததோடு சும்மா இருந்தேனா? ‘இயற்கைக் கட்டில்’ என்று தெருவெல்லாம் சொல்லியும் வைத்தேன்.

நான் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் எலக்ட்ரீஷியன். வீடு புதுவாயலில். மகள் வாழ்க்கைப்பட்டது திருநின்றவூரில். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங் உண்டு. பெயிண்ட், வார்னிஷ், கொசுவர்த்தி, எது மூக்கில் ஏறினாலும் மூச்சு விசில் அடிக்கும். வளைகாப்பு முடிந்த கையோடு முதல் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வர வேண்டும். ஒரு மாதம் முன்பே போனில் கறாராகச் சொல்லிவிட்டாள்.

“நைனா, நம்ம ஊட்டுக்கு வரணும்னு எனக்கு ஆசையாத்தான் கீது. ஆனா புள்ளத்தாச்சி வர்றாளேன்னு பெயிண்டு கியிண்டு அடிச்சு வெச்சியோ, நான் மாமியார் ஊட்லயே இருந்துக்குவேன்.”

மாமியார் வீடு நல்ல வீடுதான். என் வீட்டைவிட நல்ல வீடு. அதுதான் என் பயமே. முதல் பிரசவம் அங்கே நடந்தால், பிறக்கிற குழந்தை என்னைப் பார்த்து யாரோ மீட்டர் ரீடிங் எடுக்க வந்தவர் என்று நினைத்துக்கொள்ளாதா?

ஆகவே ரசாயன வாசனையே இல்லாத அறையாக மாற்றுவது என்று இறங்கினேன். முதலில் சுவர். பழவேற்காட்டுப் பக்கத்திலிருந்து கிளிஞ்சல் சுண்ணாம்பு வாங்கிவந்து, நீர் ஊற்றிக் கொதிக்கவைத்து, ஆறவைத்து அடித்தேன். வெள்ளை வெளேர் என்று வந்தது. ஆனால் ஒட்டுவதற்குக் கஞ்சி கலக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. சாய்ந்தவர் முதுகிலெல்லாம் சுவர் வந்துவிட்டது. நான் வேலைக்குப் போனால், முதுகைப் பார்த்தே “இன்னிக்கும் சுவத்துல சாஞ்சியாபா?” என்று கேட்டார்கள்.

“பசும வீடுன்னே, இது பவுடர் வீடால்ல கீது?” என்றாள் என் மனைவி. பிறகு அவளே சோற்றுக் கஞ்சியும் கல்லுப்பும் கலந்து கொடுத்தாள். இரண்டாவது பூச்சு பிடித்துக்கொண்டது. ஜன்னலுக்கு என் பருத்தி லுங்கிகள் இரண்டைத் தைத்துத் திரையாக்கினாள். கட்டம் போட்ட திரை. காற்றடிக்கும்போது நானே ஜன்னலில் நின்று கையாட்டுவது போல இருந்தது.

அடுத்து கட்டில். அங்கேதான் என் படிப்பு வேலை செய்தது.

எங்கள் கம்பெனிக்கு வெளிநாட்டு மெஷின்கள் வரும்போது, மரச்சட்ட மேடையின் மேல் உட்கார்ந்து வரும். பேலட் என்போம். மெஷினை இறக்கியதும் அவை பின்பக்கம் குவிந்து கிடக்கும். கேட் பாஸ் போட்டு எடுத்துப்போகலாம். ஒவ்வொன்றிலும் ஒரு முத்திரை சுட்டிருக்கும். அதில் ஒரு கோதுமைக் கதிர் படம். கதிர் போட்டிருந்தால் இயற்கையானதுதானே, இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? கதிருக்குப் பக்கத்தில் சிலவற்றில் HT என்றும் சிலவற்றில் MB என்றும் இருந்தது.

இருபது வருடம் டிரான்ஸ்ஃபார்மரோடு குடித்தனம் நடத்தியவனுக்கு HT என்றால் ஹை டென்ஷன், உயர் அழுத்த மின்சாரம். ஆக, அந்தப் பேலட் எல்லாம் ஹை டென்ஷன் பேனல் வந்த பேலட், எண்ணெய் ஊறியிருக்கும், புள்ளத்தாச்சிக்கு ஆகாது என்று ஒவ்வொன்றாகத் தள்ளிவைத்தேன். MB என்றால் மெயின் போர்டு. சுத்தமான சரக்கு. அதில் மட்டும் ஆறு பொறுக்கி, பிரித்து, ஆணி பிடுங்கி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். வார்னிஷ்கூட அடிக்கவில்லை. கட்டில் கோணலாக வந்தது. ஆனால் முத்திரை தலைமாட்டில் தெரியும்படி வைத்திருந்தேன், பெருமைக்கு.

வளைகாப்புக்கு இரண்டு நாள் இருக்கும்போது, எங்கள் கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற நண்பன் வீட்டுக்கு வந்தான். கட்டிலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். தலைமாட்டில் குனிந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

“மச்சான், இது யாரு படுக்கறதுக்கு?”

“எம் பொண்ணுக்குதான். மெயின் போர்டு மரம்.”

“இன்னா போர்டு? டேய், எம்.பி.ன்னா பூச்சி சாவறதுக்குப் புகை போட்ட மரம்டா. மீத்தைல் புரோமைடு. ஊட்டுக்குள்ள வெச்சிக்கக் கூடாதுன்னு சேஃப்டி கிளாஸ்ல சொன்னாங்களே!”

“அப்ப ஹெச்.டி?”

“அதாண்டா நல்லது. வெறும் சூடு காட்னது. நீ கிளாஸ்ல எங்க இருந்தே?”

கடைசி பெஞ்சில்தான் இருந்தேன், வாயைத் திறந்து தூங்கிக்கொண்டு. அவன் போனதும் என் புத்தி போன போக்கைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. உப்புத்தாளை எடுத்து முத்திரையை அழிக்க ஆரம்பித்தேன். எழுத்து போய்விட்டால் யாருக்குத் தெரியும்? பாதி தேய்க்கும்போது மனைவி வாசலில் நின்றாள்.

“எழுத்து போச்சுன்னா மருந்து பூடுமா?”

உப்புத்தாளைக் கீழே வைத்துவிட்டு மகளுக்குப் போன் போட்டு ஒன்றுவிடாமல் சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. அது இன்னும் மோசம்.

“வந்து பாத்துட்டு சொல்றேன்,” என்று வைத்துவிட்டாள்.

அன்றைக்கே கட்டிலைக் கழற்றி, எரிக்கக் கூடாது என்று நண்பன் சொன்னதால், வந்த வழியே கம்பெனிக்குத் திருப்பி அனுப்பினேன். தரையை மூன்று முறை கழுவினோம். இரண்டு நாளும் ஜன்னல் கதவு திறந்தே கிடந்தது. மனைவி கொல்லையில் கோழிக்கூட்டின் மேல் கூரையாகக் கிடந்த எங்கள் கல்யாணத்து இரும்புக் கட்டிலை இறக்கி, புளி போட்டுத் தேய்த்து, கோரைப்பாய் விரித்தாள். கோழிகள் என்னை வெறுப்போடு பார்த்தன.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு கை நிறைய வளையலோடு மகள் வந்தாள். துணிப் பையை இறக்காமல் மாப்பிள்ளையைக் கையிலேயே வைத்திருக்கச் சொன்னாள். அறை வாசலில் நின்று மூச்சை இழுத்தாள். விட்டாள். மறுபடி இழுத்தாள். நானும் அவளோடு சேர்ந்து இழுத்தேன், இழுத்ததை வெளியே விட மறந்துவிட்டேன். விசில் சத்தம் வரவில்லை. சுவரை விரலால் தடவி, விரலைப் பார்த்தாள். லுங்கித் திரையைப் பார்த்துச் சிரிப்பை அடக்கினாள். பிறகு மெதுவாகக் கட்டிலில் உட்கார்ந்து, காலை நீட்டி, பையை உள்ளே வைக்கச் சொன்னாள்.

எனக்கு உயிர் வந்தது. உயிர் வந்தால் வாயும் வந்துவிடுமே.

“எத்தினி நாளும்மா இருப்ப?”

“நீ அடுத்த கட்டில் செய்யற வரைக்கும்.”