ஊத மறந்த மூடி

அந்த வரிசை வீடுகளில் அவளைப் பெரியகுட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். தங்கை சின்னக்குட்டி. பெரியகுட்டிக்கு ஒன்பது வயதுதான், ஆனால் அவள் செய்கிற வேலையைப் பார்த்தால் அந்த வீட்டுக்கு அவள்தான் பாதி அம்மா. அப்பா லாரியோடு போனார் என்றால் எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் வார்டு துடைக்கும் வேலை, காலை ஷிப்ட். பெரியகுட்டிக்குப் பள்ளிக்கூடம் மதியம். அதனால் காலைப் பொழுது முழுக்கத் தங்கை அவள் பொறுப்பு. முகம் கழுவிவிட்டு, தலை பின்னி, சோறு ஊட்டி, அழுதால் சமாதானமும் செய்ய வேண்டும். அம்மா அடுப்பில் ஏற்றிவிட்டுப் போகும் பருப்பு குக்கரை மூன்று விசில் வந்ததும் அணைக்க வேண்டும்.

அம்மா போகும்போது கதவை வெளியே பூட்டிவிட்டுப் போவாள். கேட்கவே கஷ்டமாக இருக்கும். ஆனால் சின்னக்குட்டி ஒருமுறை லாரிகள் ஓடும் ரோட்டின் நடுவே போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அன்றிலிருந்து இந்தப் பூட்டு. சாவி பக்கத்து வீட்டுக் கண்டக்டர் மனைவியிடம் இருக்கும். மதியம் அவள் வந்து திறந்து, சின்னதை இடுப்பில் தூக்கிக்கொண்டு, பெரியதைப் பள்ளிக்கு அனுப்புவாள்.

அன்றைக்கு அதற்கும் வழியில்லாமல் போனது. துணி காயப்போடும் கயிற்றுக்காக அம்மாவுக்கும் கண்டக்டர் மனைவிக்கும் விடிந்ததும் விடியாததுமாகச் சண்டை. அம்மா கடுகடுவென்று உள்ளே வந்தாள். குக்கரை மூடி ணங்கென்று அடுப்பில் வைத்தாள்.

"சாவியை நானே எடுத்துட்டுப் போறேன். மதியம் பர்மிஷன் கேட்டு வந்து திறக்கிறேன். அவ கூப்பிட்டாக்கூட நீ வாயைத் திறக்கக் கூடாது. புரியுதா?"

"அத்தை சும்மா கூப்பிட்டா?"

"அத்தையாம் அத்தை! பேசினேன்னு தெரிஞ்சுது, தோலை உரிச்சுடுவேன்."

பூட்டு விழுந்தது. செருப்புச் சத்தம் தூரமாகப் போனது.

பெரியகுட்டி தங்கையை முன்னால் உட்காரவைத்துச் சடை பின்னத் தொடங்கினாள். ஒரு விசில் வந்தது. ரிப்பனைப் பல்லில் கடித்துக்கொண்டு மறுபக்கம் வகிடு எடுத்தாள். இரண்டாவது விசிலும் வந்தது. அதற்குள் சின்னக்குட்டி தலையை அடுப்புப் பக்கம் திருப்பிவிட்டாள்.

"அக்கா, நம்ம குக்கர்ல வெயிட் ஆடவே இல்லை."

"ஆடாம எப்படிடி விசில் வரும்? நேரா உட்காரு."

"அது அவங்க வீட்டு விசில்."

இரண்டு வீட்டுக்கும் பொதுவான நடுச்சுவர் கூரை வரை எட்டாது. இந்த வீட்டில் விக்கினால் அந்த வீட்டில் தண்ணீர் எடுப்பார்கள். பெரியகுட்டி சடையை அப்படியே விட்டுவிட்டு எழுந்து பார்த்தாள். அடுப்பு முழுசாக எரிந்தது. வெயிட் கல் மாதிரி உட்கார்ந்திருந்தது. மூடியின் ஓரத்திலிருந்து மட்டும் உஸ்ஸென்று ஒரு சத்தம். கைப்பிடி மெல்ல நடுங்கியது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அம்மா தினமும் மூடியை வாய்க்கு நேரே தூக்கி, நடு ஓட்டையில் ஊதிப் பார்த்துவிட்டுத்தான் வைப்பாள். அதைப் பார்த்துச் சின்னக்குட்டி தினமும் சிரிப்பாள். இன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. கோபத்தில் அம்மா ஊதவே இல்லை.

கூடப் படிக்கிற பெண் ஒருத்தி சொல்லியிருந்தாள், அவர்கள் தெருவில் ஒரு குக்கர் வெடித்து மூடி கூரையைப் பிய்த்துக்கொண்டு போனதாம். பெரியகுட்டி அடுப்பை நெருங்கினாள். அடுப்பின் திருகைப் பிடிக்கக் கையை நீட்டினாள். ஆவி சுரீரென்று மணிக்கட்டில் அடித்தது. அலறிக்கொண்டு பின்னால் வந்தாள். சின்னக்குட்டி வீரிட்டாள்.

கதவை இழுத்தாள். பூட்டு ஆடியதே தவிர கதவு திறக்கவில்லை. பேசினால் அம்மா தோலை உரிப்பாள். பேசாவிட்டால்? தங்கையின் பாதி பின்னிய தலையைப் பார்த்தாள். சுவரைப் பார்த்துக் கத்திவிட்டாள்.

"அத்தை! குக்கர் விசில் வரலை அத்தை! பெரிசா சத்தம் வருது!"

அந்தப் பக்கம் பாத்திரம் உருண்டது. "ஐயோ! அணைச்சியா?"

"கிட்ட போக முடியலை, சுடுது. அம்மாகிட்ட சொல்லிடாதீங்க அத்தை, நான் உங்ககிட்ட பேசினேன்னு."

"அடியே, அது கிடக்கட்டும்! சாவியும் இல்லையே என்கிட்ட... ஏங்க! எந்திரிங்க! ஊருக்கெல்லாம் விசில் அடிச்சுட்டு இங்க குறட்டை விடுறீங்களே, அங்க விசில் வராம குக்கர் வெடிக்கப் போகுது! பூட்டை உடைங்க!" பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "குட்டி, நல்லாக் கேளு. சின்னதைக் கட்டிலுக்கு அந்தாண்ட தள்ளு. அடுப்பைத் தொடாத. மேடைக்குக் கீழ சிலிண்டர் இருக்குல்ல, அது மேல ரெகுலேட்டர். அதைத் திருப்பு. தலையைத் தூக்காத, என்ன?"

சிலிண்டர் குக்கருக்கு நேர் கீழே இருந்தது.

தங்கையைக் கட்டிலுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, தரையோடு தரையாக ஊர்ந்து போனாள். தலைக்கு மேலே அந்தச் சத்தம். பள்ளியில் சொல்லும் பிரார்த்தனையைச் சொல்லப் பார்த்தாள், முதல் வரிக்கு மேல் வரவில்லை. முதல் வரியையே திரும்பத் திரும்பச் சொன்னாள். அரைகுறையாகச் சொன்னாலும் போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு அது போய்ச் சேராமலா இருக்கும்? ரெகுலேட்டரைப் பிடித்தாள். திரும்பவில்லை. பாவாடை நுனியைச் சுற்றிப் பிடித்தாள். வழுக்கியது. மேலே கைப்பிடி கடகடவென்று ஆடியது. கண்ணை மூடிக்கொண்டு இன்னொருமுறை திருகினாள். அந்தப் பிஞ்சுக் கைக்கு யார் பலம் கொடுத்தார்களோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். டக்கென்று திரும்பியது. அடுப்பு ஒருமுறை சீறி அணைந்தது.

சத்தம் மட்டும் நிற்கவில்லை. அவள் ஊர்ந்து வந்து தங்கையின் மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டாள். கண்டக்டர் இரும்புக் கம்பியால் பூட்டைப் பெயர்த்து உள்ளே பாய்ந்து வந்து இரண்டையும் இரண்டு கையில் வாரிக்கொண்டு வெளியே ஓடும்வரை அவள் தலையைத் தூக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்கு ஆள் போய்ச் சொல்லி, அம்மா செருப்புகூட இல்லாமல் ஓடிவந்தாள். அதற்குள் குக்கர் ஆறியிருந்தது. கண்டக்டர் மனைவி மூடியைத் திறந்து ஓட்டையைக் காட்டினாள். பருப்புத் தோல் காய்ந்து அடைத்திருந்தது. கயிற்றைப் பற்றி இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அம்மா திட்டவில்லை. பெரியகுட்டிக்கு அதுதான் பெரிய பயமாக இருந்தது.

"எப்படித் திருப்பினே? காட்டு," என்றாள் அம்மா. அடுப்பின் திருகை மூடிவிட்டுக் குனிந்து, தம் பிடித்து ரெகுலேட்டரைத் திறந்துவிட்டு நகர்ந்தாள். பெரியகுட்டி உள்ளே புகுந்து திருகினாள். அசையவில்லை. இரண்டு கையாலும் திருகினாள். முகம் சிவந்ததுதான் மிச்சம்.

"அப்போ திரும்பிச்சும்மா. நிஜம்மா."

அம்மா அந்தக் கையையே பார்த்தாள். மணிக்கட்டில் சிவப்பாகத் தடித்திருந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நாளைக்கு விசிலைச் சரியா எண்ணுறேன்மா," என்றாள் பெரியகுட்டி, அடி எப்போது விழுமோ என்று தோளைக் குறுக்கிக்கொண்டு.

"வேண்டாம்," என்றாள் அம்மா. "நீ எதையும் எண்ண வேண்டாம். அடுப்பு எரியறப்போ நான் வாசலைத் தாண்ட மாட்டேன்."