சந்தனம் வைத்த பன்னிரண்டு டப்பாக்கள்

சூடான ஈயத்தின் வாசனை... அப்பாவின் கடை என்றால் எனக்கு அதுதான் முதலில் ஞாபகம் வரும். அரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் டிவி ரிப்பேர் கடை. நான் அப்போது மூன்றாம் வகுப்பு.

அம்மா பக்கத்தில் தூங்குகிறாள். போர்வைக்குள் வெளிச்சத்தைக் குறைத்து டைப் செய்கிறேன். நம் நான்கு பேர் க்ரூப்பைத் தாண்டி இது போகக் கூடாது, ப்ளீஸ்.

அப்பா, தான் சின்ன வயதில் விளையாடிய கேசட் வீடியோ கேமை அப்கிரேட் செய்தார். பழைய கேம் டப்பாக்களை வாங்கி, உள்ளே நூறு கேம் உள்ள சிப் வைத்தார். ஒயர் இல்லாத ஜாய்ஸ்டிக் வேறு. ஆனால் பழைய கேசட்டும் அதில் ஓட வேண்டும் என்று பிடிவாதம். அதனால் கேசட் செருகும் வாயை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்.

மொத்தம் பன்னிரண்டு.

"இது மட்டும் ஓடிருச்சுன்னா ரிப்பேர் வேலய வுட்டுட்டு இதையே பண்ணலாம் பாப்பா" என்றார்.

ஆயுத பூஜை வந்தது. டெஸ்டர், சால்டரிங் அயர்ன், கல்லாப்பெட்டி எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைப்பது என் வேலை. டப்பாக்களுக்கு மட்டும் ஸ்பெஷல். மேலே ஒரு பொட்டு. பிறகு கேசட் வாய்க்குள்ளும் விரலை விட்டு ஈரச் சந்தனத்தை நன்றாக அப்பினேன். கேம் உள்ளேதானே இருக்கிறது...

மறுநாள் விஜயதசமி. முதல் ஆட்டம் பார்க்கக் கூட்டம் நின்றது. பரணில் கிடந்த கேசட்டைத் தேடி எடுத்து வந்திருந்தார் ஒருவர். செருகியதும் திரையில் கோடு கோடாக ஆடியது. பிறகு கறுப்பு. கொஞ்சம் புகை.

அடுத்த டப்பாவும் அப்படியே.

"என்னங்க மெக்கானிக்கு, டப்பாவுக்கு சாமி வந்துருச்சுங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். அப்பா டப்பாவின் வாயையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"டிசைன்ல தப்பு பண்ணிட்டனுங்க. ஒரு வாரம் குடுங்க."

ஒரு வாரம் கழித்து யாரும் வரவில்லை. "அந்தப் பொகையற டப்பாவா?" என்று பேச்சு பரவியிருந்தது. சீக்கிரமே எல்லார் கையிலும் மொபைல் கேம். பன்னிரண்டும் எங்கள் வீட்டுப் பரணுக்குப் போயின.

ஈரம் கரன்ட்டைக் கடத்தும் என்று எட்டாவதில் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. அன்றிலிருந்து பயம்.

இன்று மதியம் சாப்பிடும்போது அப்பா அம்மாவிடம் சொன்னார். "பழைய கேமுக்கு இப்ப மறுபடி மவுசு வந்துருக்குதாம். நாளைக்கு பரண்ல இருக்கறத எறக்கிப் பிரிச்சுப் பாக்கறேன்."

அவர் கடைக்குப் போனதும் பரணில் ஏறி, ஒரு டப்பாவின் வாய்க்குள் டார்ச் அடித்தேன். கேசட்டைத் தொடும் பின்கள் எல்லாம் பளபளவென்று... யாரோ பிரஷ் போட்டுத் துடைத்திருக்கிறார்கள். மூலையில் மட்டும் மெல்லிய சந்தன வாசனை. இன்னொன்று. அதுவும் சுத்தம். பன்னிரண்டையும் பார்த்துவிட்டேன்.

அதற்குப் பிறகும் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் சந்தனக் கிண்ணத்தை என்னிடம்தான் கொடுப்பார். கூடவே ஒன்று சொல்வார். "மேல மட்டும் வெய்யி பாப்பா, போதும்."

இத்தனை வருஷமாக அதைச் சாதாரணமாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் வகுப்பில் எந்தப் பயமும் இல்லாமல் அந்தக் கிண்ணத்தை வாங்கினேன். இப்போது ப்ளஸ் டூ. நாளை அவர் ஸ்க்ரூடிரைவரை எடுப்பதற்குள் சொல்லிவிட வேண்டும்.

அவருக்குத் தெரியும் என்று தெரிந்த பிறகு, சொல்வதுதான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது.