வாயு லிங்கத்தருகே கலைந்த மௌனம்

அண்ணாமலையாரை நம்பி வாழும் உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம். என் மகள் கற்பகத்துக்காக நான் அழுத அழுகையையும், அது சிரிப்பாக மாறிய கதையையும் சொல்கிறேன்.

எழுபத்தெட்டாம் வருஷம் அவளுக்கு ஆறு வயது. எந்நேரமும் வாய் திறந்தே இருக்கும். தூங்கினால் குறட்டை, நடுவில் மூச்சு நின்று திடுக்கென்று எழுவாள். முகம் வரவர நீண்டுகொண்டே போனது. மேல்பல் முன்னால் வந்தது. கூப்பிட்டால் காதில் விழாது. மந்தமான பிள்ளை என்று பள்ளிக்கூடத்தில் முடிவே கட்டிவிட்டார்கள். "வாய மூடுடி, ஈ பூந்துடும்" என்று என் நாத்தனார் சரோஜா அதட்டுவாள். பிள்ளை மூடிப் பார்ப்பாள், மூச்சு முட்டித் திரும்பத் திறப்பாள். தாயத்து, மந்திரிப்பு எல்லாம் ஆயிற்று.

கடைசியில் மௌனமாகக் கிரிவலம் வருவதாக வேண்டிக்கொண்டேன். கிளம்பிய இடத்துக்குத் திரும்பும்வரை ஒரு வார்த்தை பேசக்கூடாது. எனக்கு இதைவிடக் கஷ்டமான விரதம் கிடையாது, தெருவுக்கே தெரியும். பௌர்ணமியன்று விடியற்காலை கற்பகத்தையும் சரோஜாவையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டேன்.

மலையைச் சுற்றும் வழியில் ஆறாவதாக வரும் வாயு லிங்கத்தருகே கற்பகம் மூச்சிரைத்து உட்கார்ந்துவிட்டாள். பின்னால் வந்த ஓர் அம்மாள் அவள் முகத்தையே உற்றுப் பார்த்தார். "நான் வேலூர்ல காது மூக்கு டாக்டருங்க. கொழந்த எப்பவும் வாயாலதான் மூச்சு விடுதா?" என்றார்.

தலையாட்டினேன்.

"எத்தனை வருஷமா?"

எப்படிச் சொல்வது என்று கையை விரித்தேன். சரோஜா, விரதத்தைக் கலைத்துவிடாதே என்று கண்ணை உருட்டினாள். டாக்டரம்மா என்னை ஊமை என்றே நினைத்துவிட்டார். பாவம், அவரும் கையாலேயே ஏதேதோ கேட்டுப் பார்த்தார். பிறகு கற்பகத்தின் தலையைத் தடவிவிட்டு நடக்க ஆரம்பித்தார்.

பேசினால் வேண்டுதல் போச்சு. பேசாவிட்டால் பிள்ளை போச்சு. அவர் திருப்பத்தில் மறையப் போகிறார்.

"அம்மா, நில்லுங்க! நான் ஊமை இல்லீங்க!"

கத்திவிட்டேன். சரோஜா தலையில் கை வைத்துக்கொண்டாள். அப்புறம் நான் நிறுத்தவே இல்லை, எல்லாவற்றையும் கொட்டினேன்.

அவர் சிரித்துக்கொண்டே கேட்டார். பிறகு புரியும்படி சொன்னார்: "மூக்குக்குப் பின்னால அடினாய்டுனு ஒரு சதை இருக்குங்க. அது ஜாஸ்தியா வளர்ந்து மூச்ச அடைச்சிருக்கும்னு தோணுது. வாயாலயே மூச்சு விட்டா நாக்கு கீழயே கெடக்கும், மேலண்ணம் குறுகிடும், மொகம் நீண்டுடும். காதும் மந்தமாகும். வேலூருக்கு வாங்க, படம் எடுத்துப் பாத்துடலாம். வளர்ற வயசுதான், பயப்படாதீங்க."

படத்தில் அவர் சொன்னபடியே இருந்தது. மயக்க மருந்து கொடுத்து, வாய் வழியாகவே அந்தச் சதையை எடுத்தார்கள். வெளியே ஒரு தழும்பும் இல்லை. மறுநாள் மதியம் கற்பகம் தூங்கினாள். சத்தமே இல்லை. நான் அலறியடித்து நர்ஸைக் கூப்பிட்டேன்.

"மூக்கால மூச்சு விடுதும்மா, இதுக்கா இப்படிக் கத்தறீங்க?" என்றாள் அவள்.

நான் அங்கேயே உட்கார்ந்து சந்தோஷத்தில் அழுதேன்.

முகம் ஒரே நாளில் மாறவில்லை. உதட்டை மூடிப் பழக்கினோம். பின்னால் பல்லுக்குக் கம்பியும் போட்டோம். வளர வளர கன்னம் நிறைந்தது. காது நன்றாகக் கேட்டது. வகுப்பில் ஓயாமல் பேசுகிறாள் என்று டீச்சரே புகார் சொன்னார். அந்தப் புகாருக்கு நான் வீட்டில் பாயசம் வைத்தேன்!

அன்பானவர்களே, உங்கள் பிள்ளையும் இப்படி வாயால் மூச்சு விட்டால் அதட்டாதீர்கள். சாமியைக் கும்பிடுங்கள், டாக்டரிடமும் காட்டுங்கள். இரண்டும் அவன் திறந்த வாசல்தான்.

மௌன விரதத்தைத் திரும்ப எப்போது இருந்து முடிக்கப் போகிறாய் என்று சரோஜா இன்னமும் கேட்கிறாள். நான் சொல்லிவிட்டேன்: "வாயு லிங்கத்துக்கிட்ட அண்ணாமலையாரே வந்து 'எத்தனை வருஷமா'னு கேட்டாரு. பதில் சொன்னேன். அவருக்கும் எனக்கும் ஒரு பாக்கியும் இல்ல."